கேப்ஸ்யூல் ஹோட்டலில் தங்கலாமா? தங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பயணப்பை:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் முதல் தடவையாக ஜப்பான் போகிறேன், தனியாக, பத்து இரவுகள். டோக்கியோவில் நான்கு, கியோட்டோவில் மூன்று, ஒசாகாவில் இரண்டு, கடைசி இரவு நரிதா விமான நிலையத்திலோ அதற்குப் பக்கத்திலோ எங்காவது, ஏனென்றால் திரும்பும் விமானம் காலை ஏழே முக்காலுக்கு. தங்குமிடம் தேடத் தேட கேப்ஸ்யூல் ஹோட்டல்கள்தான் (அறை கிடையாது, ஒரு ஆள் படுக்கிற அளவு பெட்டி மாதிரி இடம்) விலையில் கீழே வந்து நிற்கின்றன, அதுவும் பெரிய ரயில் நிலையங்களிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே. பத்து இரவையும் கேப்ஸ்யூலிலேயே ஓட்டிவிடலாமா என்று ஆசை வந்துவிட்டது.

ஆனால் தயக்கமும் இருக்கிறது. எனக்குத் தூக்கம் லேசானது, பக்கத்தில் யாராவது புரண்டு படுத்தாலே விழிப்பு வந்துவிடும். சூட்கேஸ் பெரியது. லிஃப்ட் நடுவில் நின்றால் கொஞ்சம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், பெரிய பயம் என்று சொல்ல முடியாது, ஆனால் இருக்கும். அப்புறம் கேப்ஸ்யூலுக்குப் பூட்டே கிடையாது என்று படித்தேன், அது நிஜமா? "ஒரு தடவையாவது தங்கிப் பார்க்க வேண்டும்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். வேடிக்கை பார்க்கத்தான் அப்படிச் சொல்கிறார்களா, இல்லை அங்கே தூங்கி எழுந்து மறுநாள் தெம்பாக ஊர் சுற்ற முடியுமா, இதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.


கடைசிரயில்:

முதலில் என் பதில்: ஓர் இரவுக்கு மிக நல்ல இடம், பத்து இரவுக்கு வேண்டாம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

இந்த ஹோட்டல் யாருக்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது. முதல் கேப்ஸ்யூல் ஹோட்டல் 1979-இல் ஒசாகாவின் உமேதா பகுதியில் திறந்த கேப்ஸ்யூல் இன் ஒசாகா. வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா என்ற கட்டடக் கலைஞர். (டோக்கியோவில் பெட்டி பெட்டியாக அடுக்கிய மாதிரி நின்ற நகாகின் கேப்ஸ்யூல் கோபுரமும் அவர் கட்டியதுதான், 1972-இல், ஆனால் அது ஹோட்டல் இல்லை, சின்னச் சின்னக் குடியிருப்புகள், 2022-இல் இடித்துவிட்டார்கள். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) ஜப்பானிய நகரங்களில் ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மறுபடி ஓடத் தொடங்குவது காலை ஐந்து மணி வாக்கில். அலுவலகத்தில் நேரமாகி, கடைசி ரயிலையும் விட்டுவிட்ட ஒருவர் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு டாக்சியில் போனால் பெரிய செலவு. அந்த மனிதருக்கு ஒரு குளியல், சில மணி நேரத் தூக்கம், காலையில் முகம் மழித்துக்கொண்டு நேராக வேலைக்குப் போக ஓர் இடம், இவ்வளவுதான் தேவை.

இப்போது அந்த மனிதரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கையில் ஒரு கைப்பை, பெட்டி கிடையாது. காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். மறுநாள் இரவு அங்கே திரும்பி வரப்போவதில்லை. அலுப்பில் படுத்தவுடன் தூங்கிவிடுவார். அந்த ஹோட்டலில் ஒவ்வொன்றும் அவர் அளவுக்குத் தைத்த சட்டை. லாக்கர் ஏன் இவ்வளவு ஒடுக்கம், காலை பத்து மணிக்கெல்லாம் ஏன் வெளியே அனுப்புகிறார்கள், பகலில் வந்து ஒரு மணி நேரம் படுக்க ஏன் முடியவில்லை என்று கேட்கிற பயணிகள் எல்லோரும் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கை நீளம் போதவில்லை என்கிறார்கள். இப்போது வருகிற புதிய ஹோட்டல்கள் பயணிகளை நினைத்துக் கொஞ்சம் மாறியிருக்கின்றன, உண்மைதான், ஆனால் அடிப்படைக் கணக்கு அதேதான்.

உள்ளே எப்படி இருக்கும் என்றால், நீளம் சுமார் இரண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரமும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உட்காரலாம், நிற்க முடியாது. மெத்தை, தலையணை, விளக்கு, சார்ஜர் போட ஒரு பிளக், சில இடங்களில் அலாரம், அவ்வளவுதான். இரண்டு அடுக்காக வரிசையில் இருக்கும். கால்மாட்டுப் பக்கம் வாய் திறந்து குகை மாதிரி நுழைவது ஒரு வகை, நீளவாட்டில் பக்கம் முழுக்கத் திறப்பது இன்னொரு வகை. உங்களுக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும் என்கிறீர்களே, படங்களைப் பார்த்து இரண்டாவது வகையாகத் தேர்ந்தெடுங்கள், அதில் ஏறி இறங்குவதும் சுலபம். மேலடுக்குக்குச் சின்ன ஏணி உண்டு. முடிந்தால் கீழடுக்கு கேளுங்கள், நடு இரவில் கழிப்பறைக்குப் போக ஏணி இறங்குவது தூக்கத்தைச் சுத்தமாகக் கலைத்துவிடும்.

பூட்டு கிடையாது என்பது நிஜம். சுருட்டி இறக்கும் திரை அல்லது துணித் திரைதான். தீ விபத்து விதிகள் காரணமாக உள்ளேயிருந்து பூட்டும் கதவு வைப்பதில்லை, ஏதாவது நடந்தால் ஒரே தள்ளலில் வெளியே வர வேண்டும், பணியாளர்களும் எட்டிப் பார்க்க முடிய வேண்டும். பூட்டு எல்லாம் லாக்கருக்குத்தான்.

சத்தத்தைவிட எனக்குச் சிரமமாக இருந்தது வெப்பம். ஏசி பொதுக் கூடத்துக்குத்தான் ஓடும், கேப்ஸ்யூலுக்குள் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். திரையை இறக்கியதும் உடம்புச் சூடு உள்ளேயே நின்றுவிடுகிறது. கனமான போர்வையை ஒதுக்கிவிட்டு மெல்லிய துணி ஒன்றைப் போர்த்திக்கொள்வேன். திரையை ஒரு சாண் தூக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.


கூழாங்கல்:

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதைத் தெரிந்துகொள்ளாமல் நான்கு இரவுகள் தொடர்ந்து தங்கியவன் நான். ஹோட்டல் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது, எல்லா விதியும் முன்பதிவுப் பக்கத்திலேயே இருந்தது, நான் சரியாகப் படிக்கவில்லை.

தொடர்ந்து தங்கினாலும் தினமும் காலை பத்து மணிக்குள் வெளியேற வேண்டும், சுத்தம் செய்வார்கள், மாலையில்தான் மறுபடி உள்ளே விடுவார்கள். மாலை வந்தால் வேறு கேப்ஸ்யூல், வேறு லாக்கர். ஆகவே தினமும் பெட்டியைக் கட்டு, முன்மேசையில் கொடு, மாலையில் வாங்கு, மறுபடி பிரித்து மறுநாளைக்கான துணியை எடு. லாக்கரில் சூட்கேஸ் நுழையாது, அதனால் கூடத்தில் எல்லோரும் நடக்கிற வழியில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளாடை தேட வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே சலித்துவிட்டது.

தூக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். குறட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரே சீராக வரும், காது பழகிவிடும். பிளாஸ்டிக் பை சரசரப்பு அப்படி இல்லை. அதிகாலை நாலரைக்கு யாரோ ஒருவர் பையைப் பிரிப்பார், மூடுவார், மறுபடி பிரிப்பார். அடுத்தவருடைய அலாரம் அடிக்கும், அவர் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார், பத்து நிமிடத்தில் மறுபடி அடிக்கும், முப்பது பேர் விழித்திருப்போம், அவர் மட்டும் தூங்குவார். காதடைப்பான் கொடுப்பார்கள், சத்தம் பாதி குறையும், அவ்வளவுதான்.

நான்காம் நாள் கியோட்டோவில் ரியோஅஞ்சி கல் தோட்டத்துக்குப் போனேன். வெள்ளைச் சரளைக்கு நடுவே பதினைந்து கற்கள், எந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும் என்பார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருடங்களாக மனதில் வைத்திருந்தேன். போய் மரத் திண்ணையில் உட்கார்ந்தால் கண் எரிகிறது, தலை கனக்கிறது, ஐந்து நிமிடம் ஒரு கல்லைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே தூங்கி விழுந்தேன். திரும்ப எப்போது போவேனோ தெரியாது. மிச்சம் பிடித்த பணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பணக் கணக்கையும் முழுதாகப் போடுங்கள். பகலில் அறைக்குத் திரும்பிக் காலை நீட்ட முடியாததால் மழை பெய்தால் ஒரு காபிக் கடை, கால் வலித்தால் இன்னொரு காபிக் கடை, நிலையத்தில் காசு போடும் லாக்கர், இப்படியே மிச்சத்தில் ஒரு பகுதி போய்விடும். கேப்ஸ்யூல் விலை ஒரு ஆளுக்கு, அதையும் மறக்க வேண்டாம். தனியாகப் போனால் லாபம், இரண்டு பேராகப் போனால் சாதாரண பிசினஸ் ஹோட்டலில் ஓர் அறை எடுப்பதோடு ஏறக்குறைய சரியாகப் போய்விடும் நாட்கள் உண்டு. கணவன் மனைவியாகப் போனாலும் ஆளுக்கு ஒரு தளம்தான்.


மழைவாசம்:

பயணப்பை, நீங்கள் ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. பெண் என்றால் முன்பதிவுக்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே பெண்களுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான். ஆண்கள் மட்டும் தங்கும் கேப்ஸ்யூல் ஹோட்டல்கள் இன்னமும் நிறைய இருக்கின்றன. பெண்களை ஏற்கும் இடங்களில் தனித் தளம், பல இடங்களில் தனி லிஃப்ட், அட்டை காட்டினால்தான் கதவு திறக்கும். நான் மூன்று வெவ்வேறு இடங்களில் தங்கியிருக்கிறேன், பூட்டு இல்லையே என்ற எண்ணம் முதல் அரைமணி நேரம்தான் இருந்தது. பத்துப் பெண்கள் தூங்கும் ஒரு தளத்தில், பணியாளர் இரவெல்லாம் கீழே இருக்கும் இடத்தில், எனக்கு அது தனி அறையைவிடப் பாதுகாப்பாகவே தோன்றியது. ஆனால் பாஸ்போர்ட், பணம், கேமரா எல்லாம் லாக்கரில். தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள், ஜப்பான்தானே என்று நினைத்துக்கூட.

நடைமுறை இப்படி: வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு சின்ன லாக்கரில் வைத்து, அந்தச் சாவியை முன்மேசையில் கொடுத்தால் உடைமை லாக்கரின் சாவி தருவார்கள். அந்த நாட்டில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் என்பதால் பாஸ்போர்ட்டைக் கேட்டு நகல் எடுப்பார்கள், பயப்பட வேண்டாம், எல்லாத் தங்குமிடத்திலும் உள்ள விதிதான். துண்டு, இரவு உடை, பல்துலக்கி பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கேப்ஸ்யூலுக்குள் சாப்பிடக் கூடாது, போனில் பேசக் கூடாது, அதற்கெல்லாம் பொதுக் கூடம் உண்டு. குளியல் பல இடங்களில் பொதுக் குளியல், ஆண், பெண் தனித்தனியாகத்தான், ஆனால் ஆடை இல்லாமல், எல்லோரும் ஒரே தொட்டியில். சங்கடமாக இருந்தால் தனி ஷவர் அறை உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் பச்சை குத்தியிருந்தால் பொதுக் குளியலில் அனுமதிக்காமல் போகலாம், அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

மூச்சு முட்டுவதைப் பற்றி ஒரு யோசனை. உங்கள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு பாயை விரித்து, மூன்று பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டு, விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். கேப்ஸ்யூல் அதைவிடக் கொஞ்சம் உயரம்தான். அங்கே மனசு அமைதியாக இருந்தால் இங்கேயும் இருக்கும். எழுந்து ஓட வேண்டும் போலிருந்தால் பேசாமல் அறையே எடுங்கள், இதில் தைரியத்தைக் காட்ட ஒன்றுமில்லை. என் தங்கை நடு இரவில் எழுந்து பொதுக் கூடத்து நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள், பாவம், என்னையும் எழுப்பவில்லை.


ஒற்றையடி:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் குறட்டை விடுபவன், வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் இப்படிப்பட்ட இடத்தில் தங்குவது நியாயமா?


கடைசிரயில்:

ஒற்றையடி, கேட்டதற்கே நன்றி. குறட்டை அங்கே இருக்கத்தான் செய்யும், அதற்காக யாரும் உங்களை வெளியேற்ற மாட்டார்கள். பக்கவாட்டில் படுங்கள், அன்று இரவு மது வேண்டாம், மூலை கேப்ஸ்யூல் கேட்டுப் பாருங்கள், ஒரு பக்கமாவது சுவராக இருக்கும். ஆனால் நிஜமாகவே பலமான குறட்டை என்றால், சுற்றியிருப்பவர்களும் பணம் கொடுத்துத் தூங்க வந்தவர்கள்தானே, நான் உங்கள் இடத்தில் இருந்தால் அறை எடுப்பேன்.


தூரத்துமலை:

எல்லோரும் நகரத்துக் கேப்ஸ்யூலைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் கேப்ஸ்யூல் தன் முழு அருமையைக் காட்டுவது விமான நிலையத்தில்தான். பயணப்பையின் கடைசி இரவுக்கு வருகிறேன். ஏழே முக்கால் விமானத்துக்கு ஐந்தே முக்காலுக்காவது நீங்கள் நரிதாவில் இருக்க வேண்டும். நரிதா டோக்கியோவின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். முதல் ரயிலே ஐந்து மணி வாக்கில்தான் கிளம்பும் என்றால் கணக்கு உதைக்கிறது, இல்லையா? நகரத்தில் எவ்வளவு நல்ல அறை எடுத்தாலும் அன்று அது வீண். நரிதா இரண்டாம் முனையத்திலேயே நைன் அவர்ஸ் என்ற கேப்ஸ்யூல் ஹோட்டல் 2014 முதல் இருக்கிறது. பெயருக்குக் காரணமே குளிக்க ஒரு மணி, தூங்க ஏழு மணி, கிளம்ப ஒரு மணி என்ற கணக்குத்தான். ஆண், பெண் தனித்தனிப் பகுதி. இரவு முழுக்க வேண்டாம் என்றால் சில மணி நேரத்துக்கு மட்டும்கூடப் படுக்கலாம்.

மணிக்கணக்கில் வாடகை என்பதுதான் இதில் பெரிய விஷயம். கோலாலம்பூரின் இரண்டாம் முனையத்திலும் மூன்று மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று கேப்ஸ்யூல் எடுக்கலாம். இரண்டு விமானங்களுக்கு நடுவில் ஏழு மணி நேரம் இரும்பு நாற்காலியில் கழுத்து ஒடியத் தூங்கியவர்களுக்கு, ஆறு மணி நேரம் முதுகை நீட்டிப் படுத்து, ஒரு குளியலும் போட்டுவிட்டு அடுத்த விமானம் ஏறுவது என்ன சுகம் என்று தெரியும். அப்போது அந்த ஒரு மீட்டர் உயரம் கண்ணிலேயே படாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், மாறும் விமானத்துக்காகக் காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஹோட்டல் குடிவரவுச் சோதனைக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வெளிப்பக்கம் என்றால் அந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி வேண்டும், விசா இல்லாமல் கதவைத் தாண்டவே முடியாது. உள்பக்கம் என்றாலும் வேறொரு முனையத்தில் இருந்தால் போய்ச் சேர வழி இருக்கிறதா பாருங்கள். என் நண்பர் ஒருவர் பணம் கட்டிவிட்டு ஹோட்டலுக்குப் போக முடியாமல் நடைபாதையில் தரைவிரிப்பின் மேல் படுத்துக்கொண்டார்.


பயணப்பை:

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. மழைவாசம் அக்கா, நான் பெண்தான். நீங்கள் சொன்ன மேசை யோசனையை நேற்று இரவே செய்து பார்த்தேன். இருபது நிமிடம் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் எப்போது தூங்கினேன் என்றே தெரியவில்லை, அம்மா வந்து எழுப்பினார். ஆகவே ஓர் இரவு தாங்குவேன் என்று நினைக்கிறேன். கூழாங்கல் எழுதியதைப் படித்ததும் பத்து இரவு ஆசை போய்விட்டது. எனக்கும் கியோட்டோதான் பயணத்தின் உயிர், அங்கே தூக்கக் கலக்கத்தோடு சுற்ற மாட்டேன். டோக்கியோவில் நான்கு இரவும் கியோட்டோவில் மூன்றும் சின்ன அறையாக எடுத்துவிடுகிறேன். கடைசி இரவு நரிதா கேப்ஸ்யூல். ஒசாகாதான் முடிவாகவில்லை, இரண்டு இரவு, மையமான இடம், விலை நன்றாக இருக்கிறது. சூட்கேஸை என்ன செய்வது என்றுதான் இழுக்கிறது.


கடைசிரயில்:

சூட்கேஸை நீங்கள் ஒசாகாவுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். ஜப்பானில் தக்யூபின் என்று ஒரு சேவை, பெட்டியை வீட்டுக்கு வீடு, ஹோட்டலுக்கு ஹோட்டல் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். யமாடோ என்ற நிறுவனம் 1976-இல் தொடங்கியது, அந்த ஊர்க்காரர்களே கோல்ஃப் பை, பனிச்சறுக்குப் பலகை எல்லாவற்றையும் இதில்தான் அனுப்பிவிட்டுக் கைவீசி ரயில் ஏறுகிறார்கள். கியோட்டோ ஹோட்டலை விட்டுக் கிளம்பும் காலையில் முன்மேசையில் சொன்னால் படிவம் நிரப்பித் தருவார்கள், விமான நிலையம் என்றும், விமானத்தின் தேதி நேரமும் எழுதிவிடுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் பெட்டிக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுப்பது நல்லது, உங்களுக்கு அது சரியாகவே அமைகிறது. ஒன்று மட்டும், அதிகாலையில் அந்தக் கவுன்ட்டர் திறந்திருக்காது, ஆகவே முந்தைய நாள் மாலையே நரிதா போய்ப் பெட்டியை வாங்கிவிடுங்கள், கேப்ஸ்யூல் ஹோட்டலில் அதை எங்கே வைப்பார்கள் என்றும் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஒசாகாவுக்கு இரண்டு நாள் துணி, ஒரு தோள்பை. அப்படிப் போனால் நீங்களும் அந்த 1979-ஆம் வருட அலுவலகக்காரர் மாதிரிதான், லாக்கர் போதும், பத்து மணிக்கு வெளியேறுவதும் சுமையாக இராது. முதல் இரவு மட்டும் பதிவு செய்யுங்கள், ரத்து செய்யக்கூடிய ஓர் அறையை இரண்டாம் இரவுக்குப் பிடித்து வையுங்கள். தூங்கினீர்களா இல்லையா என்று காலையில் உங்கள் உடம்பே சொல்லும், ரத்து செய்யக் கடைசி நேரம் எது என்பதை மட்டும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.


மழைவாசம்:

பயணப்பை, தோள்பையில் ஒரு கண்மூடியும் மெல்லிய பருத்தித் துப்பட்டாவும் வைத்துக்கொள். பிளாஸ்டிக் பை ஒன்றுகூட வேண்டாம், எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போ, கூழாங்கல் பட்ட பாடு உன் பக்கத்தில் தூங்குகிறவளுக்கு வர வேண்டாம். காலையில் போடும் துணியை முந்தைய இரவே தனியாக எடுத்து வைத்துவிடு. ஒசாகா இரவு எப்படி இருந்தது என்று வந்து எழுது, என் தங்கைக்கும் படித்துக் காட்டுகிறேன்.